பல்லக்குக்குள் யார்?

அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூர். அதன் பக்கத்திலேயே மேலப்பழுவூரும் கீழையூரும். சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாகப் பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர்கள் இவை. கீழையூரில் நிற்கும் இரட்டைக் கோயிலுக்கு அவர்கள் காலத்தில் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்று பெயர். முதலாம் பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளின் வயிற்றில் பிறந்தவன்தான் அரிஞ்சயன் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. இவ்வளவு கல்லும் செம்பும் இருந்தும், பழுவேட்டரையர் என்றவுடன் தமிழர்களுக்கு நினைவில் எழுவது கல்கி எழுதிய ஆள்தான். 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த அவருடைய பொன்னியின் செல்வன் தொடர்கதை, இந்த ஊர்களின் உண்மையான வரலாற்றைவிட நன்றாகத் தெரிந்த வரலாறாகிவிட்டது.

இப்போது ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெரம்பலூரில் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். பகடையும் காகிதமும் பேச்சும்தான் கருவிகள். நடத்துபவர் நிலைமையைச் சொல்வார், தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார், சந்தேகமானதைப் பகடை தீர்க்கும். அந்தத் தொடர்கதையின் நாயகன் வந்தியத்தேவனாக ஆடுபவரைப் பார்த்து நடத்துபவர் கேட்கிறார்: "வீரநாராயண ஏரிக்கரை. பழுவேட்டரையர் பரிவாரத்தோடு போகிறார். பின்னால் ஒரு மூடுபல்லக்கு. திரை கொஞ்சம் விலகுகிறது. நீ என்ன பண்ற?"

பல்லக்கில் போவது பழுவூர் இளையராணி நந்தினி என்றுதான் வழியில் நிற்கிறவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். வந்தியத்தேவனும் அப்படியே நினைக்கிறான். அவனாக ஆடுபவர் நாவலைப் படித்தவர். உள்ளே இருப்பது சோழ இளவரசன் மதுராந்தகன் என்பதும், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் அந்தத் திரை விலகப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பல்லக்கை அங்கேயே மறித்துத் திரையை இழுத்துவிட்டால் அவனை அரியணை ஏற்றும் சதியின் பாதி அம்பலம். அதைச் செய்யலாமா?

இந்த வகை விளையாட்டின் மிகப் பழைய தகராறு இதுதான். ஆடுபவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாதபோது அந்த அறிவைக் கொண்டு ஆடுவதை ஆங்கிலத்தில் மெட்டாகேமிங் என்பார்கள். அநேகமாக வசவாகத்தான் சொல்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் இதற்குச் சொல்லும் வழக்கமான உதாரணம் டிரோல் என்ற ராட்சதன். வெட்டினால் காயம் தானாக ஆறிவிடும். நெருப்பாலோ அமிலத்தாலோ சுட்டால்தான் சாவான். நாலு ஆட்டம் ஆடியவருக்கு இது மனப்பாடம். ஆனால் நேற்றுவரை மாடு மேய்த்துவிட்டு இன்று வாளெடுத்த அவருடைய பாத்திரத்துக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொண்டு ஆடுவது ஏன் இவ்வளவு பெரிய குற்றமாயிற்று என்பதற்குக் காரணம் விளையாட்டின் பிறப்பில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் 1812இல் அரசருக்குக் காட்டிய போர்ப் பயிற்சி விளையாட்டை அவருடைய மகன் திருத்தி, 1824இல் விதிகளோடு வெளியிட்டார். இரு தரப்பு அதிகாரிகளும் நேராக மோதிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு நடுவர். ஒவ்வொரு தரப்புக்கும் அதன் படைவீரர்கள் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அவர் சொல்வார். மலைக்குப் பின்னால் எதிரி எத்தனை பேர் என்று தெரியாமல் முடிவெடுக்கப் பழகுவதுதான் பயிற்சி. எதிரியின் வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டால் பயிற்சியே இல்லை. அந்த மரபில் வளர்ந்த அமெரிக்கப் போர்விளையாட்டுக் குழுக்களிலிருந்துதான் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வந்தார்கள். 1974இல் அவர்கள் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பு ஆயிரம் பிரதி அச்சாயிற்று. 1979இல் நடத்துபவர்களுக்கென்று தனிக் கையேடு எழுதியபோது, நடத்துபவர் அல்லாத ஒருவர் கையில் அந்தப் புத்தகம் அகப்பட்டால் அவருக்குக் கௌரவமான சாவுகூட உரியதல்ல என்ற பொருளில், பாதி வேடிக்கையாகவும் பாதி நிஜமாகவும், கைகாக்ஸ் எச்சரித்தார். நடுவர் மறைத்து வைத்ததை அறிவது திருட்டு என்ற எண்ணம் போர்க்களத்திலிருந்து மேசைக்கு அப்படியே வந்து சேர்ந்தது.

இதை முதலில் ஆழமாகப் பார்த்தவர் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன். மினியாபொலிஸில் இத்தகைய ஆட்டக்குழுக்களோடு உட்கார்ந்து ஆடி, கவனித்து, 1983இல் ஒரு நூல் எழுதினார். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று ஆட்களாக இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம்: வேலைக்குப் போய்வந்து பசியோடு இருக்கும் மனிதர், விதியும் பகடையும் தெரிந்த ஆட்டக்காரர், கதைக்குள் இருக்கும் பாத்திரம். அறிவு இந்த மூன்று தளங்களுக்கும் இடையே கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவை விளக்க ஃபைன் எடுத்துக்கொண்ட கருவி சற்று எதிர்பாராதது: கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இருவர் 1965இல் சாகக் கிடக்கும் நோயாளிகளைப் பற்றிச் செய்த ஆய்வு. நோயாளிக்குத் தெரியாமல் மருத்துவர் மறைப்பது ஒரு நிலை, நோயாளி சந்தேகப்படுவது இன்னொன்று. இருவருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல நடப்பது வேறொன்று. புற்றுநோய் என்று தாத்தாவிடம் சொல்லாத வீடுகளும், சொல்லாததைத் தெரிந்துகொண்டு "அடுத்த வருஷம் தைக்குப் பார்ப்போம்" என்று பேசும் தாத்தாக்களும் நமக்குப் புதிதல்ல. மேசையில் நல்ல ஆட்டக்காரர் செய்வது கிட்டத்தட்ட அந்தத் தாத்தாவின் வேலை. எல்லாரும் அறிந்ததை எல்லாரும் ஒப்புக்கொண்டு அறியாமல் இருப்பது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. தெரிந்ததை வேண்டுமென்றே தவிர்ப்பதும் தெரிந்ததை வைத்து ஆடுவதுதான். வந்தியத்தேவன் சும்மா இருக்கத் தெரியாதவன். மூடிய பல்லக்கைக் கண்டால் உள்ளே யார் என்று பார்க்கத் துடிப்பவன். "எனக்கு விடை தெரியும், அதனால் நான் பார்க்கக் கூடாது" என்று ஆடுபவர் ஒதுங்கினால், வந்தியத்தேவனை அவன் இயல்புக்கு மாறாகச் சாதுவாக்கிவிடுகிறார். டிரோலை எதிர்கொள்ளும் மாடு மேய்ப்பவனும் அப்படித்தான்: கையில் தீப்பந்தம் இருந்தால் பயத்தில் அதைத்தான் முதலில் வீசியிருப்பான். நேர்மையான ஆட்டக்காரரோ நெருப்பைத் தொடாமல் ஐந்து சுற்று வாளை வீசிக்கொண்டிருப்பார். அறியாதவன் எப்படி நடப்பான் என்பதை அறிந்தவன் சரியாகக் கணிக்க முடியாது. அதனால்தான் பல குழுக்கள் பாத்திரத்துக்கு இது தெரியுமா என்பதையே பகடையிடம் விட்டுவிடுகிறார்கள். அது தகராறைத் தீர்க்கும். ஆனால் ஒரு மனிதனுக்கு என்ன தெரியும் என்பது அவன் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டியது. எண்ணிலிருந்து வரும்போது எனக்கு அது கொஞ்சம் வறட்சியாகவே தோன்றுகிறது.

கல்கியே இந்த விளையாட்டை நாவலுக்குள் ஒருமுறை ஆடிக் காட்டியிருக்கிறார். கடம்பூரில் ஒளிந்திருந்து பார்த்த வந்தியத்தேவனுக்கு அந்தப் பல்லக்கில் மதுராந்தகன் வருவது தெரிந்துவிடுகிறது. பிறகு தஞ்சைக்குப் போகும் வழியில் அதே பனைச் சின்னப் பல்லக்கைக் கண்டதும், தெரிந்த தைரியத்தில் குதிரையை அதன்மேல் மோதவிட்டு, இளவரசரிடம் பேசுவதாக எண்ணிக் குரல் கொடுக்கிறான். திரை விலகினால் உள்ளே நந்தினி. முதல் தடவை அறியாமை ஏமாற்றியது, இரண்டாம் தடவை அறிவு. மேசை விளையாட்டை நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கையேட்டிலும் இல்லை என்பேன்: ஆடுபவர் முன்பே படித்துவிட்டார் என்று தெரிந்தால் அவர் வாயை மூட வேண்டாம், பல்லக்குக்குள் இருக்கும் ஆளை மாற்றிவிடலாம்.

ஆனால் நம் பக்கத்துக் கலை இந்தக் கேள்விக்கு வேறொரு விடையைத் தெருவிலேயே வைத்திருக்கிறது. அரியலூர், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயிலும் தீமிதியும் இருக்கும் ஊர்கள் பல. செஞ்சியை மையமாகக் கொண்டு பரவிய இந்த வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் இரண்டு பெரிய தொகுதிகளில் எழுதினார். அதன் கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் தனி நூல் எழுதினார். விழா முழு அளவில் நடக்கும் ஊர்களில் ஒழுங்கு இப்படி இருக்கும்: பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்கிச் சொல்லிய அதே கதைப்பகுதி, இரவு வேஷம் கட்டி விடிய விடிய ஆடப்படும். அதாவது கதையின் முடிவைப் பார்வையாளரிடமிருந்து மறைக்க யாரும் முயல்வதில்லை. பிற்பகலில் ஒலிபெருக்கி கட்டி எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்.

வேஷக்காரரும் அறிவை மறைப்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்றபடியே துரியோதனன் வந்தான் என்று தன்னைப் படர்க்கையில் பாடிக்கொள்வார். திரை விலகியதும் கட்டியங்காரன் "நீங்க யாரு சாமி?" என்று கேட்க, நான்தான் துரியோதனன் என்பார். பாடியவருக்கும் ஆடியவருக்கும் நடுவில் உள்ள தையல் வெளியே தெரியும்படியே இருக்கிறது. கட்டியங்காரன் இன்னும் ஒரு படி மேலே. அத்தினாபுரத்து வாயிற்காவலனாக இருந்துகொண்டே உள்ளூர்ப் பஞ்சாயத்தையும் பஸ் கட்டணத்தையும் கிண்டல் செய்வான். ஃபைன் பிரித்த மூன்று தளங்களிலும் ஒரே வாக்கியத்தில் நடமாடும் உரிமை அவனுக்கு உண்டு. அந்த உரிமையை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டதால்தான் மற்றவர்கள் பாத்திரத்துக்குள் முழுசாக இறங்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

துகிலுரிதல் இரவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுமுன் சூடம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பது பல இடங்களில் வழக்கம். துச்சாதனனுக்கு அவள் சூதில் தோற்ற அடிமை. வேஷக்காரருக்கு அவள் ஊரைக் காக்கும் அம்மன். பெண்வேஷம் கட்டிய ஆண்தான் என்பதும் தெரியும். மூன்று அறிவும் ஒரே உடம்பில். எதையும் அவர் துடைத்துப்போடுவதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு முழு மூர்க்கத்தோடு இழுக்கிறார். திரௌபதிக்கோ துச்சாதனனுக்கோ ஆவேசம் வந்து நாலுபேர் பிடிக்க வேண்டியிருப்பதும் உண்டு. அதற்குமேல் ஆட்டமும் வழிபாடும் எங்கே பிரிகின்றன என்று கேட்பதில் பொருளில்லை.

பாரதக் கதைக்குள்ளேயே இந்தப் பிரச்சினையை உருவமாக்கிய ஆள் ஒருவன் இருக்கிறான்: சகாதேவன். தமிழ்ப் பாரத மரபில் அவன் சோதிடம் முழுதும் அறிந்தவன். நடக்கப்போவது அவனுக்குத் தெரியும். கேட்டால் பொய் சொல்ல மாட்டான். தூது போகுமுன் கிருஷ்ணன் அவனிடம் போரைத் தடுக்க வழி என்ன என்று கேட்க, கர்ணனுக்கு முடிசூட்டி, அர்ச்சுனனைக் கொன்று, திரௌபதியின் கூந்தலை அறுத்து, உன்னையும் கட்டிப்போட்டால் தடுக்கலாம் என்கிறான் வில்லிபாரதத்துச் சகாதேவன். இவ்வளவும் தெரிந்தவன் தம்பியாகவே இருந்து அண்ணன் சொன்னதைச் செய்கிறான். ஆட்டக்காரரின் அறிவோடு பாத்திரமாக வாழச் சபிக்கப்பட்டவன் என்று அவனைச் சொல்லலாம்.

போர் நெருங்குகிறது. களப்பலிக்கு நல்ல நாள் கேட்டுத் துரியோதனன் வந்து நிற்பது எதிரிப் பாளையத்துச் சகாதேவனிடம்தான். அவனும் அமாவாசை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். அன்று அர்ச்சுனன் மகன் அரவானைப் பலி கொடுத்தால் வெற்றி கௌரவர்களுக்கு. விதிப்படி ஆடினால் பாண்டவர்கள் அங்கேயே தோற்றுவிட்டார்கள். கிருஷ்ணன் என்ன செய்தான்? முதல் நாளே ஆற்றங்கரையில் உட்கார்ந்து அமாவாசைத் தர்ப்பணத்தைத் தொடங்கினான். இன்றைக்கு அமாவாசையே இல்லையே என்று சூரியனும் சந்திரனும் சேர்ந்து கேட்க வந்தார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்திருந்தால் அதுதானே அமாவாசை என்று சொல்லிவிட்டான். பலி பாண்டவர் பக்கம் நடந்தது. ஆட்டம் நடத்துபவர் திரைக்குப் பின்னால் பகடையைத் திருப்பி வைக்கும் தந்திரத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ததில்லை. ஒருவனுக்குத் தெரிந்துவிட்ட உண்மையை மாற்ற முடியாதபோது, உலகத்தை ஒரு நாள் முன்னால் நகர்த்திவிடுவது. கல்கி பல்லக்கில் ஆளை மாற்றியதும் இதே குடும்பத்து வேலைதான்.

கர்ணன் கதை வேறு. கர்ண மோட்சம் வட தமிழ்நாட்டில் சாவு வீட்டுக் காரியங்களிலும் ஆடப்படும் கூத்து. பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று கர்ணனுக்குத் தெரியும். குந்தி வந்து கேட்ட வரங்களைக் கொடுத்திருக்கிறான். தான் சாகும்வரை உறவை வெளியே சொல்லக் கூடாது என்று அவளிடம் கேட்டும் வாங்கியிருக்கிறான். களத்தில் அவன் அறியாதவன்போலச் சண்டையிடுகிறான். ஆனால் அறிவு கசிகிறது: அர்ச்சுனன் அல்லாத மற்றவர்கள் கைக்கு அகப்பட்டும் உயிரோடு விடுகிறான், நாகாஸ்திரத்தை இரண்டாவது முறை தொட மறுக்கிறான். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. பிற்பகல் பிரசங்கம் கேட்டவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு தயக்கமும் புரிகிறது. இந்த இடத்தில் பார்வையாளரின் முன்னறிவைப் பிடுங்கிவிட்டால் கூத்தில் மிஞ்சுவது இரண்டு பேர் சண்டை.

மேலைநாட்டு மேசை விளையாட்டுகளும் பின்னாளில் இந்தத் திசைக்கு வராமல் இல்லை. சாண்டி பீட்டர்சன் 1981இல் எழுதிய கால் ஆஃப் கதுல்லூவில், பாத்திரம் பயங்கரமான உண்மைகளை அறிய அறிய அதன் மனநிலை எட்டக்கூடிய உச்சவரம்பே குறைந்துகொண்டு போகும். அந்த ஆட்டத்துக்கு உட்காரும் யாருக்கும் நிலவறைக்குள் நல்லது எதுவும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார்கள். அந்தச் சம்மதம் இல்லாமல் ஆட்டமே நகராது. வேஷமிட்டு நேரில் நடித்து ஆடும் நோர்டிக் நாட்டுக் குழுக்களில் சில, எல்லாப் பாத்திரங்களின் ரகசியத்தையும் ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் கொடுத்துவிடுகின்றன. யார் எதைக் கண்டுபிடிக்கிறார் என்ற போட்டி போய், தெரிந்த துயரத்தை நோக்கி எப்படி நடந்துபோவது என்பதே ஆட்டமாகிறது. கூத்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

ஆனாலும் கூத்தை அப்படியே மேசைக்குத் தூக்கி வர முடியாது. கூத்தாடிக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் கிடையாது. கர்ணன் வேஷக்காரர் எவ்வளவு மனமிரங்கினாலும் விடியற்காலை கர்ணன் விழுந்துதான் ஆக வேண்டும். அறிவால் அவர் எதையும் மாற்றிவிட முடியாது என்பதால் அவர் அறிவு யாருக்கும் ஆபத்தில்லை. மேசையில் உட்கார்ந்தவர் மாற்ற முடியும்; பல்லக்கை மறிக்கலாம், சதியை முளையிலேயே கிள்ளலாம். சுதந்திரம் வந்ததும் அறிவு ஆயுதமாகிவிடுகிறது. பிரஷ்ய நடுவரின் பயம் நியாயமானதுதான். துப்பறியும் கதையாக ஆட்டத்தை வைத்திருந்தால் விடை தெரிந்த ஒருவர் எல்லாருடைய மாலையையும் கெடுத்துவிடுவார். அங்கே மறைக்கத்தான் வேண்டும், அல்லது அமாவாசையை நகர்த்த வேண்டும். துயரமே ஆட்டத்தின் உயிர் என்றால் எல்லாவற்றையும் பிற்பகலிலேயே படித்துச் சொல்லிவிடலாம். நடத்துபவர் முதல் நாளே தன் ஆட்டம் எந்த ரகம் என்று சொல்லிவிட்டால் சண்டையில் முக்கால் பங்கு தீரும். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே ஒழுக்கவிதியை மாட்டியதுதான் கைகாக்ஸ் வழிவந்தவர்கள் செய்த பிசகு.

பெரம்பலூர் மேசைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பொன்னியின் செல்வனை எத்தனை முறை படித்திருந்தாலும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வாசகருக்கு உறுதியாகத் தெரியாது. கல்கி கடம்பூர் மாளிகை அறையை இருட்டாக்கி, இடும்பன்காரி, ரவிதாசன், நந்தினி, வந்தியத்தேவன் என்று எல்லாரையும் சுற்றி நிறுத்தி, கடைசியில் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டார். கல்வெட்டுக்குப் போனாலும் பாதிதான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலங்கள்வரை பறிமுதலானதைக் காட்டுகிறது. ஏவியவர் யார், எதற்காக என்பது அதில் இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி திருவாலங்காட்டுச் செப்பேட்டை வைத்து உத்தம சோழனைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆக, அந்த அறைக்குள் நுழையும் வந்தியத்தேவனும், அவனாக ஆடுபவரும், நடத்துபவரும் ஏறக்குறைய ஒரே இருட்டில்தான் நிற்கிறார்கள். ஒருவர் சாஸ்திரியை எடுத்து நீட்டலாம், இன்னொருவர் பண்டாரத்தாரை. விடையை அந்த மேசையே ஆடித்தான் எட்ட வேண்டியிருக்கும். கூட்டத்தில் பழுவூர்க்காரர் யாராவது இருந்தால், பெரிய பழுவேட்டரையர் மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்வார்.